தபித்தாள் தாண்டாத இடம்

குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மதுரநாயகத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை பலமுறை வாசித்தவர். எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஆனால் புத்தகத்தை மூடியதும் மனம் பழையபடி வறண்டு கிடந்தது. மனைவி இறந்த பிறகு அந்த வறட்சி அவரைப் பயமுறுத்தியது.

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் ஓரத்தில் சபையாருக்கு ஒரு ஜெபவீடு இருந்தது. தபித்தாள் என்பவர் தன் தாயாரோடு பின்கட்டில் தங்கி அதைக் கவனித்துவந்தார். மதுரநாயகத்தைவிட வயதில் மிகவும் இளையவர். அவரிடம் வேதம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்கள். மதுரநாயகமும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

"சிஸ்டர், நானும் தினம் வாசிக்கேன். ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. நீங்க எப்படி வாசிக்கீங்க?"

"காலையில கொஞ்சம் வாசிப்பேன் அண்ணாச்சி. அப்புறம் வெளியே போவேன்."

"கொஞ்சம்னா, எத்தனை அதிகாரம்?"

"அதிகாரமெல்லாம் இல்ல. ரெண்டு மூணு வசனம்."

"இப்ப எந்த இடத்துல இருக்கீங்க?"

"ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்துல ஒரு இடத்துக்கு வந்தேன். இன்னும் அங்கேயேதான் நிக்கேன்."

அப்போது கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்று, இந்தப் பெண்ணுக்கு வேதம் தெரியாது. அல்லது எதையோ மறைக்கிறாள். மதுரநாயகம் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் காலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கவனித்தார். தபித்தாள் வாசித்தார். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு எழுந்து, தெருவழியே போகாமல், பின்புறமாகப் பனைகளுக்குள் நடந்தார். யாரும் வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அந்தத் திரும்பல் மதுரநாயகத்துக்குப் போதுமானதாக இருந்தது. செம்மணலில் சத்தமில்லாமல் பின்தொடர்ந்தார்.

தேரிக்கு அந்தப்பக்கம் தனியாக ஒரு வீடு. கைலி கட்டிய ஒருவன் கதவைத் திறந்தான். தபித்தாள் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

மதுரநாயகம் சபைச் செயலாளர் ரத்தினராஜைப் பார்க்கப் போனார்.

"நான் யார்மேலயும் குத்தம் சொல்லல. பாத்ததச் சொல்லுதேன்" என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி மதுரநாயகத்தின் முன்னாலேயே தபித்தாளைக் கூப்பிட்டு விசாரித்தது.

"அந்த வீட்டுல யாரு இருக்கா?"

"சொல்ல முடியாது."

"தப்பு இல்லன்னா சொல்லதுக்கு என்ன?"

மாதம் முடியும்போது சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைக் கட்டினார்கள். மதுரநாயகம் மட்டும் போகவில்லை. அந்தக் கைலிக்காரன் யார் என்று தெரியாமல் அவரால் போக முடியவில்லை.

மறுநாள் காலை தபித்தாள் சமையலறையில் இருக்கும்போது, மதுரநாயகம் தானே போய், தேரிக்கு அந்தப்பக்கத்து வீட்டின் கதவைத் தட்டினார்.

"யாருப்பா நீ? அந்த அம்மாவுக்கும் உனக்கும் என்ன?"

அவன் ஒளிக்கவில்லை. "என் பேரு தங்கப்பழம் சார். அந்த அக்காவோட தம்பி என் லாரியில அடிபட்டுத்தான் செத்தான். சாட்சி இல்லைன்னு கோர்ட்டுல என்னை விட்டுட்டாங்க."

மதுரநாயகம் நின்றபடியே கேட்டார். "அப்ப அந்த அம்மா எதுக்கு இங்க வருது?"

"எனக்கும் தெரியல சார். மொதல்ல நான் கதவத் தொறக்கல. மெரட்ட வந்திருக்குன்னு நினைச்சேன். ஒரு நாள் தொறந்தேன். எதிர்ல உக்காந்துது. ஒண்ணும் பேசல, எழுந்து போயிட்டுது. தினம் அப்படித்தான். சில நாள் என்னைப் பாக்கவே முடியாம தரையப் பாத்துக்கிட்டு இருக்கும். போன வாரம் காப்பி போட்டுக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சுது. அன்னைக்குத்தான் நான் அழுதேன்."

"இதை ஏன் ஊருக்குச் சொல்லல?"

"அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுருவாங்கன்னு சொல்லிச்சு. அது ஒண்ணுதான் என்கிட்ட கேட்டுது. நீங்களும் அவங்ககிட்ட சொல்லிராதீங்க சார்."

மதுரநாயகம் வேகமாகத் திரும்பி நடந்தார். மணல் காலை இழுத்தது. ஆனால் அந்த வீடு யாருடையது என்பதை ரத்தினராஜின் ஆட்களும் அதற்குள் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். செய்தி அவருக்கு முன்னால் ஜெபவீட்டுக்கு வந்துவிட்டது.

பின்கட்டில், தபித்தாளின் தாயார் அறைக்குள் தாழிட்டுக்கொண்டிருந்தார். "என் பிள்ளையக் கொன்னவன் வீட்டுக்குப் போய் உக்காந்தியாடி" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது. தபித்தாள் தட்டில் கஞ்சியோடு கதவருகே நின்றார். கதவு திறக்கவில்லை.

காலடிச் சத்தம் கேட்டுத் தபித்தாள் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"சிஸ்டர், நான் தப்பா நினைச்சிட்டேன். ரத்தினராஜ்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிருதேன்."

"சொல்லுங்க."

"அம்மாகிட்டயும்..."

"அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

மதுரநாயகம் தாழிட்ட கதவைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அறைக்குள் அழுகை ஓய்ந்து, மறுபடி தொடங்கியது.

"நான் கிளம்புதேன்" என்றார் மதுரநாயகம். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். நீங்க நிக்கிற அந்த இடம், எது?"

"சத்துருவ நேசிக்கச் சொல்லுத இடம்."

அதிகாரமும் வசன எண்ணும் அவர் நாக்கு நுனிவரை வந்தன. முதல்முறையாக அவர் அதைச் சொல்லாமல் விழுங்கினார்.

"அவன் கையால வாங்கிக் குடிச்சிட்டீங்களே. இன்னுமா அந்த இடத்தத் தாண்டல?"

தபித்தாள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு, கையிலிருந்த தட்டை அதன் முன்னால் வைத்தார். வைக்கும்போது கஞ்சி தளும்பித் தரையில் சிந்தியது.

"போன வாரம் தாண்டிட்டேன்னுதான் நினைச்சேன் அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில வாசிக்கும்போது உங்க முகம் வந்துட்டுது. உக்காருங்க, சாப்பிடுங்க."