நிதி அமைச்சர் படித்த சீட்டு

வங்கி கதவைச் சாத்தி நாலு நாள். மகனின் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்க, பிலோமினா நாடாளுமன்றத்தில் அமைச்சர்களுக்குப் பதில் சீட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதிகாரிகள் எழுதித் தருவதை நிதி அமைச்சர் முன்கூட்டிப் பார்க்கவேமாட்டார். வாங்கியதும் அப்படியே முழங்குவார்.

“வங்கி யாருக்காவது பணம் கொடுத்ததா?” என்று எதிர்க்கட்சி கத்தியது.

“ஒரு நிமிஷத்தில் பதில் கொண்டு வா, இல்லாவிட்டால் வேலையை மறந்துவிடு!” அமைச்சர் பிலோமினாவிடம் சீறினார்.

அதிகாரிகள் கையை விரித்தார்கள். அவளே எழுதிக்கொண்டு வந்தாள்.

“வியாழக்கிழமை கேட்ட பணம் முழுவதையும் வங்கி கொடுத்தது!” மேஜையைத் தட்டி முழங்கினார் அமைச்சர். “நிதி அமைச்சரின் மனைவிக்கு, பின்வாசல் வழியாக. வரிசையில் நின்ற எங்களுக்குக் கதவைச் சாத்தினார்கள்.”

சபையில் திறந்த வாய் ஒன்றும் மூடவில்லை.

“இதை அவைக்குறிப்பிலிருந்து நீக்குங்கள்!” என்று அலறினார் அமைச்சர்.

“நீக்கிடலாங்க ஐயா,” என்றாள் பிலோமினா. “முதல்ல அந்தப் பின்வாசலை எங்களுக்கும் திறக்கச் சொல்லுங்க.”

பின்வாசல் எதற்கு? மறுநாள் காலை முன்வாசலே திறந்தது.