கழுதை ஒதுக்கிய மென்பொருள்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. அதன் துறையை ஒரு முதலை பிடித்துக்கொண்டது. அந்தக் குளத்தை அது வெட்டவில்லை. ஒரு கூடை மண்கூடச் சுமக்கவில்லை. ஆனாலும், "இது என் துறை!" என்றது. தனியாகத் தண்ணீர் குடிக்க வந்தவர்களைக் கவ்வி இழுத்தது.

"எல்லோரும் சேர்ந்து இறங்கினால் அது நெருங்காது!" என்றது செங்குளம்பன் என்னும் கிழட்டுக் கழுதை. விலங்குகள் சங்கத்தின் தலைவர் அதுதான்.

சேர்ந்து நடக்கத் தாளம் வேண்டும். போன முறை குரங்கு மேளம் அடித்தது. முதலையைப் பார்த்ததும் பயத்தில் அதன் கை வேகமெடுத்தது. மான்கள் முன்னே ஓடின, ஆடுகள் பின்தங்கின. வரிசை உடைந்தது. ஓர் ஆடு திரும்பி வரவில்லை.

"இந்த முறை கணினியில் தாளம் அமைப்போம். அதற்குப் பயம் கிடையாது!" என்றது சங்கத்தின் செயலாளரான ஆமை மெல்லடி.

சங்கத்தின் மடிக்கணினியில் இசை அமைக்கும் மென்பொருள்கள் இரண்டு இருந்தன. பெரியதன் மேல் 'வல்லுநர்களுக்கு' என்று எழுதியிருந்தது. சின்னதன் மேல் 'புதிதாகத் தொடங்குபவர்களுக்கு' என்று இருந்தது.

"சின்னதைத் திறக்கட்டுமா, தோழரே?"

கழுதையின் காதுகள் விறைத்தன. "யாரைப் பார்த்துப் புதியவன் என்கிறாய்? போராட்டத்துக்கு வந்து இருபது வருஷம்! ஏழு முறை பட்டியில் அடைபட்டவன் நான்!"

"அதில் எந்த முறை அங்கே கணினி சொல்லிக்கொடுத்தார்கள்?"

"கிண்டலா? பெரியதைத் திற!"

திரை முழுக்கக் குமிழ்களும் கோடுகளும் நிறைந்தன. கழுதை ஒன்றைத் தொட்டது. ஒரு கேள்வி வந்தது. இன்னொன்றைத் தொட்டது. மூன்று கேள்விகள் வந்தன.

"என்ன கேட்கிறது, தோழரே?"

"போலீஸ் விசாரணை மாதிரி கேட்கிறது. நான் எதற்கும் வாய் திறக்கவில்லை!" என்றது கழுதை பெருமையாக.

வெயில் உச்சிக்கு ஏறியது. ஒரு சத்தமும் பிறக்கவில்லை. ஆட்டுக்குட்டிகள் நாக்கைத் தொங்கவிட்டன. ஒரு தாய்மான் எழுந்தது.

"என் குட்டி இனித் தாங்காது. நாங்கள் தனியாகவே போய்க்கொள்கிறோம்" என்று குட்டியோடு துறைப்பக்கம் நடந்தது.

கழுதை எழுந்து ஓடியது. "நில்லம்மா! கொஞ்சம் பொறு!" என்று கத்தியது. தாய்மான் நின்றது. கழுதை ஆமையிடம் திரும்பித் தலையைத் தாழ்த்தியது. "தோழர், அந்தச் சின்னதைத் திற. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா!" என்று சிரித்தபடி ஆமை திறந்தது.

திரையில் எட்டே பெட்டிகள். ஒன்றைத் தொட்டால் ஒரு மேள அடி. கழுதை குளம்பால் தொட்டது.

"தொம்!"

"அட, பேசுகிறதே!" என்று கழுதை துள்ளியது. இன்னும் மூன்றைத் தொட்டது. தாளம் பிறந்தது. வேகத்துக்கு ஒரே ஒரு குமிழ்தான்.

"யார் வேகத்துக்கு வைப்பது? மானுக்கா, ஆட்டுக்கா?"

"உன் வேகத்துக்கு, மெல்லடி. கடைசியாக வருபவர் நடையில்தான் ஊர்வலம் போக வேண்டும்!"

எருமையின் முதுகில் ஒலிபெருக்கி ஏறியது. தொம்! தொம்! எல்லா விலங்குகளும் ஒரே அடியாகத் துறையில் இறங்கின. முதலை வாயைப் பிளந்தது. குரங்கு நடுங்கியது, தாளம் நடுங்கவில்லை. வரிசையும் உடையவில்லை. யாரைக் கவ்வுவதென்று தெரியாமல் முதலை ஆழத்துக்குள் நழுவியது. மான்குட்டி வயிறு முட்டக் குடித்தது.

புதிய வேலையில் பழைய வீரனும் புதியவனே. அதை வெட்கமின்றி ஒப்புக்கொள்பவனே தன் கூட்டத்தைக் கரைசேர்ப்பான்.