இடிகோலின் கோடு

மேகம் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிற உயரத்தில் ஒரு மலைநாடு இருந்தது. அங்கே காட்டுப்பன்றி சுட ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள்தான் அனுமதி. அதுவும் எல்லாத் துப்பாக்கிக்கும் கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து நிறைக்கிற துப்பாக்கிக்கு மட்டும்தான். பின்பக்கம் திறந்து தோட்டா செருகும் துப்பாக்கிகள் அந்தப் பன்னிரண்டு நாளும் பெட்டிக்குள் கிடக்க வேண்டும்.

செங்கோடன் வீட்டுச் சுவரில் தொங்கிய நெட்டைக்குழலுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. மீதி முந்நூற்றைம்பத்து மூன்று நாளையும் அது இந்தப் பன்னிரண்டு நாளை நினைத்தே ஓட்டிவிடும். அதன் குழலுக்கு அடியில் மூன்று பித்தளை வளையங்கள் இருந்தன. வளையங்களுக்குள் செருகிக் கிடந்தது இடிகோல். அது கருங்காலி மரத்துக் கோல், உடம்பில் ஒரே ஒரு கோடு வெட்டியது.

அந்தக் கோட்டுக்கு ஒரு வேலை உண்டு. குழலில் மருந்தும் குண்டும் இருந்தால், உள்ளே விட்ட கோலின் கோடு குழல்வாய்க்கு நேராக வந்து நிற்கும். காலியாக இருந்தால் கோடு நாலு விரற்கடை உள்ளே போய்விடும். செங்கோடனின் மனைவி பாவாயி காலையில் துப்பாக்கியை நிறைத்து வைப்பாள். செங்கோடன் கோலை விட்டு, கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் இதுதான் வழக்கம்.

போன ஆண்டு மழையில் மருந்து நனைந்து, நெட்டைக்குழல் இரண்டு நாள் "டிக்" என்று மட்டும் சொல்லிவிட்டது. ஒத்தைப்பல்லன் என்று ஊரே பெயர் வைத்திருந்த கிழப்பன்றி, அவர்கள் பயிர் வைத்த குச்சிக்கிழங்குக் காட்டில் பாதியை அந்த இரண்டு நாளில் கிளறித் தின்றது. செங்கோடன் நெட்டைக்குழலை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இந்த ஆண்டு சந்தைக்குப் போனவன் ஒரு கட்டைக்குழலோடு திரும்பி வந்தான்.

கட்டைக்குழலும் வாய் வழியாக நிறைவதுதான். ஆனால் அதன் மருந்து மாத்திரை மாத்திரையாக இருந்தது. வெடிக்கும் இடத்தை மழை படாமல் ஒரு மூடி மூடியிருந்தது. தலைக்குமேல் தூரத்தைப் பக்கத்தில் காட்டும் கண்ணாடி வேறு. நெட்டைக்குழலுக்கு அதைப் பார்த்த நிமிடமே வயிறு எரிந்தது.

'சாவடியில் விடமாட்டார்கள்' என்று அது தன்னைத் தேற்றிக்கொண்டது.

வேட்டைக்கு முதல் நாள் எல்லாத் துப்பாக்கியையும் சாவடியில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். செங்கோடன் இரண்டையும் கொண்டுபோய் மேசைமேல் வைத்தான். பக்கத்துக் காட்டுக்காரர் பொங்கியண்ணன் கட்டைக்குழலைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங் சாவடிக்காரரே, இதென்னுங் அக்கிரமம்? மேல கண்ணாடி, உள்ள மாத்திரை, மழைக்கு மூடி. இதுக்கும் தோட்டாத் துப்பாக்கிக்கும் என்னுங் வித்தியாசம்? பன்னி தப்பிக்கறதுக்கு ஒரு வழி வுட்டாத்தானுங் அது வேட்டை" என்றார்.

சாவடிக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வாய் வழியா நெறைக்கோணும்னு எழுதியிருக்குதுங். இது வாய் வழியாத்தான் நெறையுது. கண்ணாடி வெக்கப்படாதுன்னு எங்கயும் எழுதலீங்களே."

"ஒரே குண்டுல வுழுந்தா பன்னிக்கும் நல்லதுங்ணா. அரைகுறையா அடிபட்டு, மூணு நாளு காட்டுல கெடந்து சாவறது பாவமில்லீங்களா?" என்றான் செங்கோடன்.

"அப்ப இத்தன வருசம் நெட்டையில சுட்டதெல்லாம் பாவமா மாப்ள?"

செங்கோடன் கட்டைக்குழலை முத்திரைக்காக முன்னால் தள்ளினான். அது நெட்டைக்குழலுக்குக் குண்டடி பட்டதுபோல் இருந்தது. சாவடிக்காரர் இரண்டுக்கும் ஒரே முத்திரையைக் கட்டினார். ஒரே அரக்கு, ஒரே நூல்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைக்குழலுக்கும் அதே சுவரில் ஓர் ஆணி அடித்தார்கள்.

"வணக்கம் அண்ணா. இனி நாம் இரண்டு பேரும் ஒரே வேலைக்காரர்கள்" என்றது கட்டைக்குழல்.

"வேலையா? கண்ணாடி போட்டுக்கொண்டு, மாத்திரை விழுங்கிக்கொண்டு சுடுகிற உனக்கு வேட்டை என்று ஒரு கேடா? உயரத்திலும் என்னைவிட நாலு விரல் கட்டை" என்றது நெட்டைக்குழல்.

"கட்டைதான். அதனால்தான் புதரில் சிக்குவதில்லை" என்றது கட்டைக்குழல். அதற்குக் கேலி தெரியாது, கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். அதுவே நெட்டைக்குழலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேட்டையின் முதல் நாள் கட்டைக்குழல் ஒரு பன்றியை வீழ்த்தியது. மூன்றாம் நாள் இன்னொன்று. சாயங்காலம் செங்கோடன் அதை மடியில் போட்டுத் துடைத்தான். எந்த எண்ணெய்? நெட்டைக்குழலின் எண்ணெய். எந்தத் துணி? நெட்டைக்குழலுக்கென்று பாவாயி கிழித்துக் கொடுத்த பழைய சேலைத் துணி. சுவரில் தொங்கியபடி நெட்டைக்குழல் ஒவ்வொரு துடைப்பையும் எண்ணிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் ஓடையைத் தாண்டும்போது கட்டைக்குழலின் அலுமினியக் கோல் தண்ணீரில் போய்விட்டது. நெட்டைக்குழல் அதைக் கேட்டு மகிழ்ந்தது. மகிழ்ச்சி அரை நாழிகைகூட நிற்கவில்லை. செங்கோடன் நேராக வந்து, அதன் வளையங்களிலிருந்து இடிகோலை உருவி, கட்டைக்குழலின் வாய்க்குள் விட்டான். கோலின் நுனியில் துணி சுற்றிக் குழலைத் துடைத்தான். பாவாயியோடு பேசிக்கொண்டே துடைத்ததால் கோட்டைப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் கோலைப் பழையபடி நெட்டைக்குழலில் செருகினான்.

"எண்ணெய் போயிற்று, துணி போயிற்று. இப்போது நீயுமா?" என்றது நெட்டைக்குழல்.

இடிகோல் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. "ஒரு பெரிய தப்பு நடக்கப் போகிறது" என்றது. "அது உன்னைவிட நாலு விரல் கட்டை. அதன் வாய்க்குள் போனால், உள்ளே ஒன்றும் இல்லாதபோதே என் கோடு வாய்க்கு நேராக வந்து நிற்கிறது. காலித் துப்பாக்கியை நிறைந்தது என்று சொல்கிறேன். உன் அளவுக்கு வெட்டிய கோடு நான். அதனிடம் நான் பொய் சொல்கிறேன்."

"சொல்லேன். எனக்கென்ன?"

"காலையில் அவர் என்னை உருவ வருவார். மழை ஈரத்தில் நான் ஊறித்தான் இருக்கிறேன். நீ வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும், நான் வரமாட்டேன். அவர் மூங்கிலில் ஒரு கோல் வெட்டிக்கொள்வார். அதில் கோடு இருக்காது. கோடு இல்லாவிட்டால், நிறைத்தாயா என்று பாவாயியைக் கேட்டுவிட்டுத்தான் போவார்."

நெட்டைக்குழல் யோசித்தது. மூங்கில் கோல் வந்தால் கட்டைக்குழல் ஐந்தாம் நாளும் சுடும், ஆறாம் நாளும் சுடும். வராவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் ஊர் பார்க்க அதுவும் "டிக்" என்று சொல்லும். அந்தச் சத்தத்தை நினைத்தாலே நெட்டைக்குழலுக்கு இனித்தது.

"ஒரே ஒரு தடவை அதன் மூக்கு உடையட்டும். அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை" என்றது.

"குழலுக்கு முன்னால் பன்றி நிற்கும். பின்னால் யார் நிற்பார்?" என்று கேட்டது இடிகோல். "பிடித்துக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்."



மறுநாள் விடிந்ததும் பொங்கியண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "மாப்ள, ஒத்தைப்பல்லன் உங்க காட்டுக்குள்ளதான் நிக்கிறான்."

நிறைக்க உட்கார்ந்திருந்த பாவாயி மருந்துப் பையை அப்படியே வைத்துவிட்டு, தகர டின்னைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பக்கமாக ஓடினாள். அவள் அடிக்கிற சத்தத்தில் பன்றி மேல்பக்கம் வரும். அங்கே செங்கோடன் நிற்க வேண்டும். கைகால் கழுவிவிட்டு வந்த செங்கோடன், சுவரோரம் சாத்தியிருந்த கட்டைக்குழலை எடுத்தான். நெட்டைக்குழலிடம் வந்து இடிகோலைப் பிடித்து இழுத்தான்.

மழைநாளில் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால்தான் வரும் கோல் அது. அன்று நெட்டைக்குழல் மூன்று வளையத்தையும் தளர்த்திக் கொடுத்தது. கோல் ஒரே இழுப்பில் கையோடு வந்தது.

செங்கோடன் அதைக் கட்டைக்குழலுக்குள் விட்டான். கோடு வாய்க்கு நேராக நின்றது.

"நெறைச்சுத்தான் வெச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டே கோலைத் திண்டில் போட்டுவிட்டு ஓடினான்.

நெட்டைக்குழல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. டின் சத்தம் கேட்டது. நாய்கள் குரைத்தன. "வருது, வருது" என்று பொங்கியண்ணனின் குரல். அதற்கப்புறம் வெடிச்சத்தம் வர வேண்டும். வரவில்லை. நெட்டைக்குழல் ஆசைப்பட்ட அமைதி வந்தது. இப்படி ஒரு சந்தோஷம் அதற்கு எத்தனையோ ஆண்டாக இல்லை.

பிறகு டின் சத்தமும் நின்றது. பாவாயி அலறுகிற சத்தம் கேட்டது.

செங்கோடனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒத்தைப்பல்லன் கிழித்த வலது தொடையில் முப்பத்திரண்டு தையல். நான்கு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து போட்டபோது செங்கோடனின் முகத்தில் ரத்தமே இல்லை. இனி மேடேறி நடக்க முடியுமா என்பதை டாக்டர் சொல்லவில்லை.

பொங்கியண்ணன் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "அன்னைக்கே சொன்னனுங் மாப்ள. புதுசு கால வாரிப்போடுச்சு. பழசு இருந்திருந்தா வுட்டிருக்காது."

"ஆமாங்ணா" என்றான் செங்கோடன் சுவரைப் பார்த்து. "நெட்டையத்தான் எடுத்துட்டுப் போயிருக்கோணும்."

இந்த வார்த்தைக்காகத்தான் நெட்டைக்குழல் இத்தனை நாள் ஏங்கியது. இப்போது அது காதில் விழுந்ததும் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆணியில் தொங்குகிற துப்பாக்கி எங்கே போய் ஒளியும்?

பொங்கியண்ணன் போனபின் பாவாயி கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் நெறைக்கவே இல்லீங்க. டின்னத் தூக்கிட்டு ஓடிப்போட்டேன்."

"வெளையாடாத புள்ள. கோட்டக் கண்ணால பாத்தேன். வாய்க்கு நேரா நின்னுது."

பாவாயி எழுந்தாள். இடிகோலை எடுத்து நெட்டைக்குழலுக்குள் விட்டாள். கோடு நாலு விரல் உள்ளே போனது. கட்டைக்குழலுக்குள் விட்டாள். கோடு வாய்க்கு நேராக நின்றது. கோலை உருவித் துப்பாக்கியைக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. மறுபடியும் விட்டுப் பார்த்தாள். கோடு அதே இடத்தில்தான் நின்றது.

"துப்பாக்கி மேல தப்பில்லீங்க" என்றாள். "நெட்டைக்குப் போட்ட கோட்ட வெச்சுக் கட்டைய அளந்துபோட்டோம்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டில் மூன்று நாள் பாக்கி இருந்தது. ஒத்தைப்பல்லனும் காட்டில்தான் இருந்தான். பாவாயி கொல்லையிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தாள். கோலின் உள்ளே போகிற நுனியிலிருந்து நாலு விரல் அளந்து, அறுக்க ஆரம்பித்தாள்.

"கோல ஏம்புள்ள வெட்டற? அப்புறம் நெட்டைக்கு ஆவாதே."

"இந்த மழையில நெட்டைய யாருங்க எடுக்கப் போறா? நாளைக்கு நான் போறேன். பொங்கியண்ணன டின்னு அடிக்கச் சொல்லியாச்சு."

அறுத்த துண்டு தரையில் விழுந்தது. பாவாயி கட்டைக்குழலுக்குள் மாத்திரை போட்டு, குண்டைப் போட்டு, கோலால் இடித்தாள். கோடு வாய்க்கு நேராக வந்து நின்றது. இந்தத் தடவை அது உண்மை. கோலைக் கட்டைக்குழலின் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினாள்.

நெட்டைக்குழலின் மூன்று வளையங்களும் வெறுமையாக இருந்தன.

"என்னை விட்டுவிட்டு அதனோடு போகிறாயா?" என்று கேட்டது அது.

"பிடித்துக்கொள் என்று கெஞ்சினேன்" என்றது இடிகோல். "விட்டது நீதான்."