பாறைக்கு முள் போட்ட தலைவன்

"பாறையைச் சுத்தி முள்ளடைக்கப் போறாங்களாம். பசியில குரங்குங்க தானா வந்து மண்டி போடுமாம்."

"சரி, நம்ம பசிக்கு?"

காவலுக்கு நின்ற இரண்டு காட்டுப்பன்றிகள் இப்படிப் பேசிக்கொண்டது, புதருக்குள் இருந்த சிலுப்பி என்ற முள்ளம்பன்றியின் காதில் விழுந்தது. அவளும் இரண்டு குட்டிகளும் அந்தப் பாறையை நம்பித்தான் பிழைத்தார்கள்.

குளம் யாருக்கு என்று பன்றிகளுக்கும் குரங்குகளுக்கும் இரண்டு வருடமாகச் சண்டை. ஆனாலும் இரு எல்லைக்கும் நடுவில் இருந்த தட்டைப் பாறையில் தினமும் விடிந்ததும் ஒரு சந்தை நடக்கும். பன்றிகள் கிழங்கை வைத்துவிட்டு விலகி நிற்கும். குரங்குகள் மரத்திலிருந்து இறங்கி, அத்திப்பழத்தை வைத்துவிட்டுக் கிழங்கை எடுத்துப்போகும். பேச்சே கிடையாது. ஒரு பக்கம் குறைந்தால் சிலுப்பி முட்களைச் சலசலக்க வைப்பாள். உடனே குறைவு நிரம்பும். அந்த வேலைக்காக இரு தரப்பும் அவளுக்கு ஒரு பங்கு ஒதுக்கும்.

சிலுப்பி பன்றித் தலைவன் தடியனிடம் ஓடினாள். சந்தையை மூட வேண்டாம் என்று கெஞ்சினாள். எதிரிக்குச் சோறு போடும் சந்தை எதற்கு என்று அவன் உறுமினான்.

"நீ எந்தப் பக்கம்?"

"பாறைப் பக்கம், தலைவரே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றே பாறையைச் சுற்றி இலந்தை முள் குவிந்தது.

ஐந்தே நாள். பழம் மட்டும் போதாமல் பசித்த குரங்குகள் பன்றிகளின் கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்தன. அதுவரை எல்லையில் சும்மா உறுமிக்கொண்டிருந்த காவல் பன்றிகள் இப்போது நிஜமாகவே கடித்தன. குரங்குகளும் விடவில்லை. தடியனின் காது இரண்டாகக் கிழிந்தது.

சிலுப்பி மறுபடியும் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு வருஷமா கிழியாத காது அஞ்சு நாள்ல கிழிஞ்சிடுச்சு. நாளைக்குப் பாறையில பார்க்க வேண்டியவனை எவன் கடிப்பான்? அந்த நாளையைத்தான் நீங்க முள் போட்டு மூடிட்டீங்க, தலைவரே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு காவல் பன்றி எழுந்து, கிழங்கைக் கவ்விக்கொண்டு பாறையை நோக்கி நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும். எதிரே மரக்கிளைகள் குலுங்கின. கை நிறையப் பழத்தோடு குரங்குகள் சரசரவென்று இறங்கின.

தடியன் ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால் நின்றான். தடுக்கத்தான் போகிறான் என்று சிலுப்பி நினைத்தாள். அவனோ தலையைத் தாழ்த்தி, முதல் முள்கட்டைத் தன் கோரைப்பல்லாலேயே வாரி எறிந்தான்.

பகைவர் இருவருக்குக் கொடுத்து வாங்க ஓர் இடம் இருக்கும்வரை, அவர்களிடையே அமைதிக்கும் ஓர் இடம் இருக்கும்.