ஓடைக்கரைக் கோலம்

சபாநடேசனுக்கு வயது அறுபத்தாறு. மாநகராட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு தெய்வநாயகிக்கு நாற்பத்தைந்துதான். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருந்தார். தன்னைவிட இளையவர் காலடியில் தரையில் உட்கார சபாநடேசன் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அந்த மட்டில் அவர் நல்ல சீடர்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"அம்மா, நான் அமைச்ச ஓடைக்கரைப் பூங்காவுக்குப் பத்து வருஷம் ஆகுது. நடைபாதைத் திருப்பத்துல என் பேர்ல ஒரு கல் வைக்கிறாங்க. பேருக்குக் கீழே பொறிக்க நீங்க ஒரு வரி சொல்லணும்."

"இடத்தைப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார் குரு.

மறுநாள் காலை இருவரும் போனார்கள். ஊருக்கு நடுவே அப்படியொரு காடு. மருதமும் நாவலும் ஓடைமேல் சாய்ந்து நின்றன. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜனங்கள் வேகவேகமாக நடந்தார்கள்.

"ஒரு மரத்தைக்கூட வெட்டலைம்மா. முதல் வேலையா எல்லா மரத்துக்கும் வெள்ளைப் பெயின்ட்ல நம்பர் போட்டேன். இருநூத்திப் பதினேழு. இன்னைக்கும் ஒண்ணு குறையலை. தானா வளர்ந்த காடு. நான் பாதை மட்டும்தான் போட்டேன்."

"அப்போ இங்க யாரும் இருக்கலையா?"

"இருந்தாங்க, ஆக்கிரமிப்பு. அறுபது, எழுபது குடிசை இருக்கும். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில வீடு கொடுத்தாச்சு."

மரக் கணக்கில் ஒன்றுகூடப் பிசகாத மனுஷனுக்கு வீட்டுக் கணக்கில் பத்து முன்னே பின்னே இருந்தது. குரு மேலே நடந்தார்.

திருப்பம் வந்தது. பாதையோரத்தில் ஈரம் காயாமல் ஒரு கோலம். சபாநடேசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பார்த்தீங்களா! கல் வைக்கப்போற இடமே இதுதான். தினமும் யாரோ போட்டுடறாங்க. வாட்ச்மேன் அழிப்பான், மறுநாள் திரும்ப இருக்கும். காட்டுக்குள்ள எதுக்கும்மா கோலம்?"

குரு நிமிர்ந்து பார்த்தார். கோலத்துக்கு அப்பால் கொஞ்சம் புல்தரை. அதைத் தாண்டி ஒரு முருங்கை மரம். அதன்மேல் எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தது.

"காட்டுல முருங்கை தானா வருமா?"

"விதை ஏதாவது விழுந்திருக்கும்."

"முருங்கையை வீட்டுக்கு முன்னால வைப்பாங்களா, பின்னாலயா?"

"பின்னாலதான். முன்னால வைக்கவே கூடாதுன்னு எங்கம்மா..."

அவர் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் கோலம். அந்தப் பக்கம் முருங்கை. நடுவில் வெறும் புல்.

மரத்தடியில் பூங்காவைக் கூட்டும் ஜெயக்கொடி விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். விரலில் கோலமாவு ஒட்டியிருந்தது. சபாநடேசனை அவள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள். அவருக்கு அவளைத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"கோலம் நீங்க போட்டதா?" என்றார் குரு.

"ஆமாங்கம்மா. வேலையை விட்டு நிறுத்திடாதீங்க. ரெண்டு பஸ் மாறி வர்றேன். எங்களுக்குக் கொடுத்த வீடு நாலாவது மாடி. கதவைத் திறந்தா எதிர்வீட்டுக் கதவு. கோலம் போட வாசல் இல்லம்மா."

குரு செருப்பைக் கழற்றிக் கோலத்துக்கு இந்தப் பக்கமே விட்டார்.

"உள்ள வரலாமா?"

ஜெயக்கொடி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பிறகு, "வாங்கம்மா, வாங்க" என்று ஓடிவந்து, புல்மேல் கிடந்த சருகைக் கையாலேயே ஒதுக்கினாள். "இப்படி உக்காருங்க."

குரு உட்கார்ந்தார். சபாநடேசனும் காலை எடுத்து வைக்கப் போனார்.

"நில்லுங்க. போன தடவை கேட்காம வந்தீங்க. இந்தத் தடவை கேட்டுட்டு வாங்க."

அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டுப் பழகியவர், யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகியவரல்ல. நடப்பவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"உள்ள வரலாமாம்மா?"

ஜெயக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வீட்ல யாரும் இல்லைங்க சார்."

சொல்லிவிட்டு ஓடைக்கரையோடு கூட்டிக்கொண்டே போய்விட்டாள்.

சபாநடேசன் ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் போட்ட பாதையின் ஜல்லி அவர் காலிலேயே குத்தியது.

"நான் இப்ப என்னம்மா செய்யறது?"

குரு எழுந்து, கோலத்தை மிதிக்காமல் வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"கல்லுக்கு ஒரு வரி கேட்டீங்களே. சொல்லிட்டுப் போறாங்க. அப்படியே பொறிக்கச் சொல்லுங்க."