முந்நூறு மூட்டை மிளகும் ஒரு நொண்டி மாடும்

கேளுங்கள், கேளுங்கள்! மலைக்கு மேலே ஒரு சுங்கச்சாவடியும், அதை ஏய்த்துப் போக மலைக்குக் கீழே ஓர் ஆற்றுத்தடமும் இருந்த காலம் அது.

அந்த நாட்டு ராஜாவுக்குத் தன் சட்டத்தைப் பற்றி ஒரே பெருமை. ஆற்றுத்தடத்தில் பிடிபட்டால் தண்டம் ஒரு மாடு. ஏழையோ பணக்காரரோ, எல்லாருக்கும் அதே ஒரு மாடு!

உப்பு விற்கும் கருவாயி அதுவரை சுங்கம் கட்டத் தவறியதே இல்லை. அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. மலை ஏறுவதற்குள் உப்பெல்லாம் கரைந்துவிடும் என்று பயந்து, செவலைக் காளையை ஆற்றுத்தடத்தில் திருப்பிவிட்டாள். வசமாக மாட்டிக்கொண்டாள்.

அதே நாளில், அதே தடத்தில் பிடிபட்டார் மிளகு வியாபாரி வயிரவநாதர். அடேயப்பா, முந்நூறு மூட்டை! போன வருஷம் பிடிபட்டார், ஒரு மாடு கொடுத்தார். போன மாதம் பிடிபட்டார், ஒரு மாடு கொடுத்தார். இன்றும் சிரித்துக்கொண்டே ஒரு நொண்டி மாட்டை அவிழ்த்துவிட்டார். சுங்கத்தைவிட மாடு மலிவு, தெரியுமோ!

சேவகர்கள் செவலையின் கயிற்றையும் பிடித்தார்கள். அது போனால் கருவாயியின் பிழைப்பே போச்சு. ராஜாவிடம் ஓடினாள்.

"தப்புதான் மகாராசா. ஆனா அவரு குடுத்தது தொழுவத்துல கழிச்சது ஒண்ணு. எனக்கு இருக்கறதே இது ஒண்ணு. ரெண்டும் ஒரே தண்டமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "வேற என்ன செய்யலாம்? நீயே சொல்லு."

"மாடே வேணாம் மகாராசா. மறைச்ச மூட்டையை மறைச்சவங்களே சுமந்து மலையேத்தி, சாவடியில சுங்கம் கட்டட்டும். எனக்கு ரெண்டு மூட்டை. அவருக்கு எத்தனைன்னு அவரையே கேளுங்க!"

சிரித்துக்கொண்டே பின்னால் வந்திருந்த வயிரவநாதர் பதறினார். "என் ஆளுங்க சுமப்பாங்க!"

"ஏய்க்கச் சொன்னது ஆளுங்களா, நீங்களா?" என்றாள் கருவாயி.

சபையே கொல்லென்று சிரித்தது. ராஜா அப்படியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கருவாயி மூச்சு வாங்க வாங்க இரண்டு நடை ஏறினாள். சுங்கத்தைக் கட்டினாள். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்து வயிரவநாதர்! வேடிக்கை பார்க்க ராஜாவோடு ஊரே திரண்டது. முதல் மூட்டையை எப்படியோ ஏற்றிவிட்டார். இரண்டாவதை நாலு இடத்தில் இறக்கி வைத்து ஒருவழியாக மேலே சேர்த்தார். மூன்றாவதைத் தூக்கியவர் மூட்டையோடு தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"நூறு மாடு தரேன் மகாராசா, விட்டுடுங்க!"

"மாடு யாருக்கையா வேணும்? இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தெட்டு இருக்கு. எழுந்திரும்!" என்றார் ராஜா.

அதற்குப் பிறகு வயிரவநாதரின் வண்டிகள் சாவடி வரிசையில்தான் நின்றன, அதுவும் கருவாயிக்குப் பின்னால்.

எல்லாருக்கும் ஒரே தண்டம் என்பது நியாயம் ஆகாது. ஏய்த்த அளவுக்கு ஏய்த்தவரை உறுத்துகிற தண்டமே நியாயம்.