பல்லக்கு எந்தக் கூலிக்கு இறங்கும்?

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை ஆண்ட செண்பகமாறன் என்ற ராஜாவுக்கு எல்லாம் இருந்தது, பொறுமை மட்டும் இல்லை. ஒரு சங்கதி தனக்குத் தெரியவில்லை என்றால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கோயிலுக்குப் போகிற வழியில் அவருடைய பல்லக்கு ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், வெற்றிலைச் சாறு முழுக்கப் பட்டு அங்கவஸ்திரத்தில்! தெருவில் நின்ற ஜனங்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரையும் சபையில் நிறுத்தினார்கள். அவர்களில் மூத்தவன் ஒச்சப்பன்.

"தினம் தலைக்குப் பத்துப் பணம் கொடுக்கிறேன். என் குதிரைக்காரனுக்கே எட்டுத்தான். நடக்கும்போதே தூங்குகிறீர்களா?" என்று ராஜா கத்தினார்.

பத்து என்றதும் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமைச்சர் திருமேனி அதைக் கவனித்தார்.

அதற்குள் வரகுணர் முந்திக்கொண்டார். அரண்மனைக்கு ஆள் அமர்த்திக் கொடுப்பவர் அவர்தான். கூலிப் பணமும் அவர் கை வழியாகத்தான் போகும். "சோம்பேறிகள் மகாராஜா! துரத்திவிடுங்கள். நாளைக்கே புதிதாக எட்டுப் பேரைக் கொண்டுவருகிறேன்."

"அப்படியே செய்யும். இவர்கள் நாளை மாலைக்குள் ஊரைவிட்டே போகட்டும்!"

ஒச்சப்பனுக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். எந்த ஊருக்குப் போவான், பாவம்?

"ஒரே ஒரு கேள்வி" என்று எழுந்தார் திருமேனி. "வரகுணரே, பத்துப் பணமும் இவர்கள் கைக்குப் போகிறதா?"

"என் உழைப்புக்கு ஏதோ கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். இரண்டே பணம். மீதி எட்டும் அவர்களுக்குத்தான்."

ராஜா திரும்பினார். "ஒச்சப்பா, உன் கைக்கு எவ்வளவு வருகிறது?"

"மன்னிக்கணும் மகாராசா. வேலையில சேரும்போதே கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கோம், கூலியை யார்கிட்டயும் வாய் திறந்து சொல்லமாட்டோம்னு."

"கேட்பது நான்!"

"கேக்குறது நீங்கதான். சத்தியம் சாமிக்கு முன்னால பண்ணினது."

வரகுணர் மீசையைத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான், ராஜாவுக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. கூலியில் ரகசியம் என்ன வேண்டிக் கிடக்கிறது? எட்டுதானா, இல்லையா? மத்தியானப் பாயசத்தைத் தொடவில்லை. கடைசியில் அமைச்சரைக் கூப்பிட்டு, "ஓய், எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர்கள் சத்தியமும் கெடக்கூடாது. என்ன செய்வீரோ!" என்றார்.

"அதற்கென்ன, தெரிந்துகொள்ளலாம். நாளைக் காலையில் நீங்கள் பல்லக்கில் ஏறினால் போதும்" என்றார் திருமேனி.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. ராஜா ஏறி உட்கார, எட்டுப் பேரும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

"கேளுங்கள் அப்பா" என்றார் அமைச்சர். "அரண்மனையே உங்களை நேராக வேலைக்கு வைத்துக்கொள்ளப் போகிறது. நான் ஒரு கூலி சொல்வேன். கட்டுப்படியானால் நடங்கள். இதற்கு வரகுணரிடமே இருந்துவிடலாம் என்று பட்டால் பல்லக்கை இறக்கிவிடுங்கள். யாரும் வாயே திறக்க வேண்டாம். பத்து!"

பல்லக்கு குஷியாகக் கிளம்பியது.

"ஒன்பது!" நடந்தது. "எட்டு!" நடந்தது.

"ஏழு!" என்றதும் ராஜா இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வரகுணர் சொன்ன கணக்குப்படி இப்போது இறங்க வேண்டுமே! இறங்கவில்லை. ராஜா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"ஆறு!" நடந்தது. "ஐந்து!" அப்போதும் நடந்தது. வரகுணருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது. "இது அநியாயம்! சத்தியத்தை மீறுகிறார்கள்!" என்று கூவினார்.

"யாராவது பேசினார்களா ஐயா?" என்றார் அமைச்சர். "நான்கு!"

நடந்தது. ராஜா தலையை முழுக்க வெளியே நீட்டிவிட்டார்.

"மூன்று!" பல்லக்கு நின்றது. எட்டுப் பேரும் தயங்கினார்கள். ஆனால் இறக்கவில்லை.

"இரண்டு!"

தொப்பென்று இறக்கிவிட்டார்கள். கிரீடம் ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம்.

"மூன்று!" என்று தரையில் இருந்தபடியே துள்ளினார் ராஜா, என்னவோ புதையல் கிடைத்தது போல. "மூன்று பணம்தானா கொடுக்கிறான்!" சொன்ன பிறகுதான் கோபமே வந்தது. "ஏழு பணத்தையா நீர் விழுங்கினீர்?"

வரகுணர் கைகளைப் பிசைந்தார். "ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டாமா மகாராஜா? ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் விட வேண்டாமா?"

"அதுவும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு. ஊரறியக் கேட்டு வாங்கியிருக்கலாமே?" என்றார் திருமேனி.

ராஜா கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி பல்லக்கில் ஏறினார். "வரகுணரே, முன்கொம்பைப் பிடியும். மூன்று பணம் தருகிறேன், கோயில் வரைக்கும் தூக்குவீரா?"

வரகுணர் தலையைக் குனிந்தார்.

"ஐந்து? எட்டு? சரி, முழுசாகப் பத்து?"

"என்னால்... முடியாது மகாராஜா."

"பத்துக்கு நீர் தொடாத வேலையை மூன்றுக்கு வாங்கிவிட்டு, சோம்பேறி என்று வேறு சொன்னீர்!" என்றார் ராஜா. முற்றமே கைகொட்டிச் சிரித்தது. வரகுணர் விழுங்கியதையெல்லாம் கக்கிவிட்டு, இனி தலைக்கு ஒரு பணம் மட்டும் எடுக்க வேண்டும், அதையும் மாதாமாதம் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பானது. அமைச்சருக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

ஆனால் ராஜாவுக்கு இன்னும் ஒன்று தெரியவில்லை. "அதெல்லாம் சரி ஒச்சப்பா, பல்லக்கு ஏன் அப்படி ஆடியது?"

ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தான். இதற்குச் சத்தியம் எதுவும் இல்லை.

"விடியறதுக்கு முன்னாடி உப்பு மண்டியில மூட்டை சுமந்துட்டுத்தான் சாமி இங்க வர்றோம். ரெண்டு கூலியும் சேர்ந்தாத்தான் வீட்டுல உலை வைக்க முடியும். நடக்கையில எங்களை அறியாம கண்ணு சொருகிடுது."

முதன்முறையாக ராஜாவுக்குக் கேட்க மேற்கொண்டு கேள்வி இல்லை. மனம் கனத்துப்போய்ப் பல்லக்கிலிருந்து இறங்கினார்.

"போங்கள், எட்டுப் பேரும் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் கோயிலுக்கு நடந்தே போனார்.